மீன் கம்பெனி கணக்கு மெஷினில் டாக்கர் கம்போஸ்: மூன்று சீசன் ஓட்டிய அனுபவம்

"திங்கட்கிழமை நான் நடுக்கடல்ல கிடந்தேன். அன்னைக்கு எப்படி உங்களுக்கு மீன் போட்டிருப்பேன்?"

படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் இப்படிக் கேட்டபோது செவ்வாய்க்கிழமை விடியற்காலை மணி நாலே கால். படகு திங்கள் காலை டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய், ராத்திரி முழுக்க வலை இழுத்து, அப்போதுதான் ராமேஸ்வரம் துறைமுகத்தில் அணைந்திருந்தது. எங்கள் ஆட்கள் இறாலையும் கணவாயையும் எடை போட்டுச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டில் திங்கட்கிழமைத் தேதி. இறால் விலை நாளுக்கு நாள் மாறும். எந்தத் தேதியோ அந்தத் தேதி விலைதான் வாரக் கணக்கில் ஏறும். திங்கட்கிழமை விலை குறைவு. அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

மாமா எனக்குப் போன் போட்டார். "பாப்பா, சீட்டுல நேத்துத் தேதி விழுதும்மா. வரிசையில இன்னும் ஆறு படகு நிக்குது."

அந்தக் கணக்கு புரோகிராமை எழுதியது நான். முந்தின நாள் சாயங்காலம்தான் அதை டாக்கருக்குள் மாற்றி வைத்துவிட்டுத் தங்கச்சிமடம் வீட்டுக்கு வந்திருந்தேன். டாக்கர் என்பது ஒரு புரோகிராமை, அதற்கு வேண்டியதெல்லாம் சேர்த்து, கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள். அன்றைக்குத் தொடங்கி மூன்று சீசன் ஆகிறது. இப்படிப் பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதிச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் நல்லதா, சின்னக் கம்பெனிகளுக்குச் சரிப்படுமா என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். நல்லது, சரிப்படும். ஆனால் சூழல் மாறிகள் (புரோகிராம் தொடங்கும்போது அதற்குக் கொடுத்தனுப்பும் பெயரும் மதிப்பும்) அதில் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரியாமல் இறங்கினால் என்னைப்போல் விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் எதற்காக டாக்கர் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி கடலுக்குக் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் ஒரு வருஷத்துக்குள் யுஎஸ்பி துளைகளில் பச்சை பூத்துவிடும், விசிறி இறுகிவிடும். மெஷின் சாவது நிச்சயம், எந்த மாதம் என்பதுதான் கேள்வி. ஒரு மெஷின் போனால் இன்னொன்றை வாங்கி வந்து அரை மணி நேரத்தில் பழையபடி சீட்டு அடிக்க வேண்டும். படகு காத்திருக்காது, ஐஸ் கரையும். முன்பெல்லாம் உபுண்டு லினக்ஸ் ஏற்றி, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை ஏற்றி, பிரிண்டரைப் பேச வைக்க ஒரு பகல் போய்விடும். இப்போது ஒரு கம்போஸ் கோப்பு, ஒரு பேக்கப், அவ்வளவுதான். 8 ஜிபி ராம் உள்ள சின்னப் பெட்டியில் மூன்று கன்டெய்னர் ஓடுகின்றன: எடைச் சீட்டு புரோகிராம், போஸ்ட்கிரெஸ், ராத்திரி பேக்கப் எடுப்பது. சென்ற மழைக்காலத்தில் ஒரு மெஷின் கண்ணை மூடியபோது புதியதை ஏற்ற எனக்கு 25 நிமிஷம் ஆனது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை விடமாட்டேன்.

காசு விஷயத்தில் கவலை இல்லை. லினக்ஸில் ஓடும் டாக்கர் எஞ்சின் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வரும் திறந்த மென்பொருள். விண்டோஸ், மேக்கில் போடும் டாக்கர் டெஸ்க்டாப்புக்குத்தான் பெரிய நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும். கம்போஸ் முதலில் ஃபிக் என்ற பெயரில் தனியாக இருந்தது, 2014இல் டாக்கரோடு சேர்ந்தது. பழைய பாடங்களில் டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு போட்டுக் கட்டளை எழுதியிருப்பார்கள். அது முதல் பதிப்பு, 2023 ஜூலையோடு அதற்குப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. இடைவெளி விட்டு எழுதுவதே இப்போதையது.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சீட்டில் தேதி மட்டும்தான் அச்சாகும், நேரம் அச்சாகாது. நேரமும் இருந்திருந்தால் முந்தின நாள் சாயங்காலமே கண்டுபிடித்திருப்பேன். கன்டெய்னர் உலகப் பொது நேரத்தில் (யுடிசி) ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். அங்கே நள்ளிரவு ஆகித் தேதி மாறும்போது நமக்கு விடியற்காலை 5.30. அதாவது நமது நள்ளிரவிலிருந்து 5.30 வரை அடிக்கும் சீட்டில் மட்டும் முந்தின நாள் தேதி விழும். மற்ற நேரமெல்லாம் தேதி சரியாகவே இருக்கும். அலுவலகம், துணிக்கடை என்றால் இது வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் போயிருக்கும். எங்கள் வியாபாரமே அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள்தான் நடக்கிறது.

புரோகிராம் மெஷினில் நேரடியாக ஓடியபோது மெஷினின் இந்திய நேரத்தையே எடுத்துக்கொண்டது. கன்டெய்னருக்குள் போனதும் அது தெரியாது. கன்டெய்னருக்குத் தனிக் கோப்புகள், தனிச் சூழல். வெளியே இருக்கும் மெஷின் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்று தானாக உள்ளே போகாது. இது எனக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் கம்போஸ் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் டாட் என்வி கோப்பில் நேர மண்டலத்துக்கான மாறியைப் போட்டு, ஏசியா/கொல்கத்தா என்று எழுதியிருந்தேன். எழுதியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தவறு அங்கேதான். டாட் என்வி கோப்பில் எழுதியது எதுவும் தானாகக் கன்டெய்னருக்குள் போகாது. கம்போஸ் கோப்பைப் படிக்கும்போது அதில் டாலர் குறி போட்டு விட்டிருக்கும் இடங்களை நிரப்புவதற்குத்தான் அந்தக் கோப்பு. கோப்பை நிரப்புவது ஒரு வேலை, கன்டெய்னருக்குக் கொடுப்பது வேறு வேலை. உள்ளே போக வேண்டுமென்றால் கம்போஸ் கோப்பில் அந்தக் கன்டெய்னருக்கான சர்வீஸ் பகுதியின் கீழே என்விரான்மென்ட் என்ற பகுதியில் அந்த மாறியின் பெயரை எழுத வேண்டும், இல்லை என்வி ஃபைல் என்ற பகுதியில் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். டாட் என்வி, என்வி ஃபைல் என்று இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர், வேலை மட்டும் வேறு வேறு. டாக்கர் கம்போஸ் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான். புதிதாக வருகிறவர் பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்தப் பெயரில் வழுக்குவார்கள் என்று நம்புகிறேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன். கணக்குப்பிள்ளை அண்ணன் அதற்குள் சீட்டுகளில் பேனாவால் தேதியை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருந்தார். நான் கம்போஸ் கோப்பில் என்விரான்மென்ட் பகுதியில் மாறியைச் சேர்த்து, ரீஸ்டார்ட் கட்டளை கொடுத்தேன். தேதி மாறவில்லை. இன்னொரு தடவை கொடுத்தேன். மாறவில்லை.

ரீஸ்டார்ட் கொடுத்தால் இருக்கிற கன்டெய்னரைத்தான் நிறுத்தி மறுபடி ஓட்டும். கோப்பில் செய்த மாற்றத்தை அது பார்க்காது. கையேட்டிலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், சூழல் மாறியையே உதாரணமாகவும் சொல்லியிருக்கிறார்கள். அப் கட்டளையைக் கொடுத்தால்தான் கம்போஸ் பழைய அமைப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் பழைய கன்டெய்னரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கும்.

இதற்கு டாக்கரை மட்டும் குறை சொல்ல முடியாது. சூழல் மாறி என்பது 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இப்படித்தான். ஒரு புரோகிராம் தொடங்கும்போது அதன் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கினால் அதற்கு ஒரு நகல் போகும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் பட்டியலை வெளியில் இருந்து மாற்ற வழி கிடையாது. படகு கரையில் நிற்கும்போதுதான் ஐஸும் டீசலும் ஏற்ற முடியும். கடலுக்குள் போன பிறகு கரையில் நின்று ஐஸ் பெட்டியை நிரப்ப முடியாது. கன்டெய்னரும் அப்படித்தான்: உண்டாக்கும்போது என்ன ஏற்றினோமோ அதுதான் கடைசி வரை. ரீஸ்டார்ட் கொடுப்பது அதே சரக்கோடு அதே படகை மறுபடி எடுப்பது. அப் கொடுத்தால் புதிய சரக்கு ஏற்றிய புதிய படகு. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப் கொடுத்தேன். எக்ஸெக் கட்டளையில் கன்டெய்னருக்குள்ளே போய், மாறிகளைக் காட்டும் என்வ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். ஏசியா/கொல்கத்தா கண்ணெதிரே நிற்கிறது. அடுத்த சீட்டை அடித்தேன். மறுபடி திங்கட்கிழமை.

அப்போது எனக்குக் கை நடுங்கியது உண்மை. மாறி உள்ளே இருக்கிறது, ஆனாலும் பலிக்கவில்லை. ஐந்து நிமிஷம் அசையாமல் நின்று யோசித்த பிறகுதான் பிடிபட்டது. நேர மண்டலத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பெயருக்கு எத்தனை மணி வித்தியாசம் என்று சொல்லும் தரவுக் கோப்பும் உள்ளே இருக்க வேண்டும். நான் இமேஜ் (கன்டெய்னரை உண்டாக்கும் அச்சு) சின்னதாக இருக்கட்டும் என்று அல்பைன் என்ற குட்டி லினக்ஸை எடுத்திருந்தேன். அதில் அந்தத் தரவு அடங்கிய டிஇசட்டேட்டா பொதி கிடையாது. என் புரோகிராம் கோ மொழியில் எழுதியது. கோ அந்தக் கோப்பைத் தேடும், கிடைக்காவிட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் உலகப் பொது நேரத்துக்குப் போய்விடும். என் லேப்டாப்பில் உபுண்டு, அதில் தரவு இருக்கிறது, அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடியது.

இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதும் டாக்கர்ஃபைலில் அந்தப் பொதியைச் சேர்க்க ஒரே ஒரு வரி. கட்டி, ஏற்றி, அடித்தபோது செவ்வாய்க்கிழமை விழுந்தது. அப்போது மணி 5.20. இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் எதுவும் செய்யாமலே தேதி சரியாகியிருக்கும், நானும் சரிசெய்துவிட்டதாக நம்பி வீட்டுக்குப் போயிருப்பேன். வியாழக்கிழமை விடியற்காலை மறுபடி அதே சண்டை வந்திருக்கும். கோ மொழியிலேயே அந்தத் தரவைப் புரோகிராமுக்குள் பொதிந்துவிடவும் வழி இருக்கிறது, 1.15 பதிப்பிலிருந்து. இப்போது அதையும் செய்து வைத்திருக்கிறேன்.

போஸ்ட்கிரெஸில் பதிந்த கணக்கு கெடவில்லை. நேர மண்டலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வகையை அதில் வைத்திருந்தேன். அது எந்தக் கணம் என்பதைத்தான் வைத்துக்கொள்ளும், காட்டும்போதுதான் உள்ளூர் நேரமாக மாற்றும். அன்றைக்குத் தப்பாக அச்சான எல்லாச் சீட்டையும் காலை ஏழு மணிக்கு மறுபடி அடித்துக் கொடுத்தோம். சம்மாட்டி வாங்கிப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னமும் அவர் எங்களிடம்தான் மீன் போடுகிறார்.

அதற்குப் பிறகு நான் சந்தித்தவற்றில் முக்கியமானதைச் சொல்கிறேன்.

மேற்கோள் குறி. கம்பெனிப் பெயரைச் சூழல் மாறியில் வைத்திருக்கிறேன், சீட்டின் தலையில் அது அச்சாகும். பெயரில் இடைவெளி இருப்பதால் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினேன். கம்போஸ் வழியாக ஓட்டியபோது ஒழுங்காக வந்தது. ஒரு நாள் சோதனைக்காக அதே கோப்பை, கம்போஸ் இல்லாமல் கன்டெய்னரை ஓட்டும் டாக்கர் ரன் கட்டளைக்குக் கொடுத்தேன். சீட்டின் தலையில் கம்பெனிப் பெயருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி கறுப்பாக அச்சாகியிருந்தது. கம்போஸ் மேற்கோளைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை எடுக்கிறது. டாக்கர் ரன் அந்தக் குறியையும் மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. கம்பெனிப் பெயரில் வந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. கடவுச்சொல்லில் வந்திருந்தால் "கடவுச்சொல் தவறு" என்று மட்டும் வரும், ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

கடவுச்சொல் என்றதும் டாலர் குறி ஞாபகம் வருகிறது. கம்போஸ் கோப்பில் நேரடியாக எழுதும் மதிப்பில் டாலர் இருந்தால் அதை ஒரு மாறியின் தொடக்கம் என்று நினைத்து நிரப்பப் பார்க்கும். இரண்டு டாலர் அடுத்தடுத்து எழுதினால் ஒரு டாலராக உள்ளே போகும். டாட் என்வி கோப்பில் என்றால் ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் போதும், அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ஒரே மாறியை இரண்டு மூன்று இடத்தில் எழுதியிருந்தால் எது ஜெயிக்கும் என்று ஒரு வரிசை இருக்கிறது. இமேஜுக்குள் டாக்கர்ஃபைலில் எழுதியது கடைசி. அதை என்வி ஃபைல் மீறும், அதையும் என்விரான்மென்ட் பகுதி மீறும், கம்போஸ் ரன் கட்டளையில் நேரடியாகக் கொடுத்தது எல்லாவற்றையும் மீறும். டாலர் இடங்களை நிரப்பும்போது மட்டும், டெர்மினலில் அதே பெயரில் ஒன்று இருந்தால் டாட் என்வி கோப்பைத் தாண்டி அதைத்தான் எடுக்கும். நான் லேப்டாப்பில் எப்போதோ எக்ஸ்போர்ட் செய்து மறந்த ஒரு மதிப்பு இப்படி உள்ளே புகுந்து, ஒரு மத்தியானம் முழுக்க என்னை அலைய விட்டது.

அப்புறம் போஸ்ட்கிரெஸ். கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தம்பி வேறு ஊருக்குப் போனதும், முறைப்படி கடவுச்சொல்லை மாற்றுவோம் என்று மாறியில் புதியதை எழுதி அப் கொடுத்தேன். எடைச் சீட்டு புரோகிராம் புதிய கடவுச்சொல்லோடு போய்க் கதவைத் தட்டியது, போஸ்ட்கிரெஸ் திறக்கவில்லை. அந்த இமேஜ் கடவுச்சொல் மாறியைப் பார்ப்பது ஒரே ஒரு தடவை: தரவு அடைவு காலியாக இருந்து, முதன்முதலில் அதை உண்டாக்கும்போது. பிறகு நூறு தடவை கன்டெய்னரைப் புதிதாக்கினாலும் உள்ளே இருக்கும் பழைய கடவுச்சொல்தான். உள்ளே போய் ஆல்டர் யூசர் கட்டளை கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். தரவு வால்யூமை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாலும் புதியது ஏறும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மூன்று வருஷக் கணக்கும் கூடவே போய்விடும்.

இன்னொன்றை நான் மனவருத்தத்தோடு எழுதுகிறேன். எங்களுக்குத் தெரிந்த ஐஸ் பிளான்ட் ஒன்றுக்கு வெளியூர்க்காரர்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். அதைப் பார்க்கச் சொல்லி பிளான்ட்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். டாக்கர்ஃபைலில் வங்கிக் கணக்கோடு பேசும் சாவியை என்வ் வரியில் நேரடியாக எழுதி இமேஜ் கட்டியிருந்தது. அப்படிச் செய்தால் அந்த இமேஜ் யார் கையில் கிடைத்தாலும் இன்ஸ்பெக்ட் என்ற ஒரே கட்டளையில் சாவியைப் படித்துவிடலாம். கீழே இன்னொரு வரியில் அதைக் காலி செய்தாலும் ஹிஸ்டரி கட்டளை மேல் வரியைக் காட்டிவிடும். கட்டும்போது மட்டும் இருக்கும் ஆர்க் வரியில் எழுதினாலும் வரலாற்றில் தடம் இருக்கும். பணம் கொடுத்து நம்பி வேலை ஒப்படைத்தவர்களுக்கு இப்படிச் செய்யக் கூடாது. அன்றைக்கே சாவியை மாற்ற வைத்தேன்.

இமேஜில் எழுதாமல் ஓட்டும்போது கொடுத்தாலும் இன்ஸ்பெக்ட்டில் தெரியத்தான் செய்யும். அதற்குக் கம்போஸில் சீக்ரெட்ஸ் என்ற வசதி இருக்கிறது. ரகசியம் ஒரு கோப்பாக உள்ளே போகும், மாறியில் அந்தக் கோப்பு இருக்கும் இடம் மட்டும் இருக்கும். போஸ்ட்கிரெஸ் இமேஜ் இதை ஏற்கும், மாறிப் பெயரின் கடைசியில் ஃபைல் என்று சேர்த்தால் போதும்.

பிடித்தவை என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று, கான்ஃபிக் கட்டளை. எதையும் ஓட்டாமல், எல்லா மாறியும் நிரம்பிய பிறகு கோப்பு எப்படி இருக்கும் என்று முழுசாகக் காட்டிவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பு இதைப் பார்த்திருந்தால் நேர மண்டலம் உள்ளே போகவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். இப்போது இதைப் பார்க்காமல் நான் அப் கொடுப்பதில்லை. இதில் கடவுச்சொற்களும் திறந்தபடி வரும், அதனால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உதவி கேட்டு அனுப்புகிறவர்கள் கவனம். இரண்டாவது, மாறிப் பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டு ஒரு வாசகம் எழுதும் வசதி. மதிப்பு இல்லாவிட்டால் கம்போஸ் நாம் எழுதிய வாசகத்தைக் காட்டி அங்கேயே நின்றுவிடும், காலியான மதிப்போடு கடலுக்குப் போகாது. "நேர மண்டலம் போடவில்லை" என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் கணக்குப்பிள்ளை அண்ணன் அதைப் படித்துவிட்டு எனக்குப் போனில் அப்படியே சொன்னார், இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது.

ஒரே மெஷினில் இரண்டு மூன்று புரோகிராம் ஓட்டுகிற கடை, கம்பெனி, சின்ன மருத்துவமனை யாராக இருந்தாலும் தயங்காமல் டாக்கர் கம்போஸ் போடச் சொல்வேன். ஒரே ஒரு புரோகிராம், டேட்டாபேஸ் எதுவும் இல்லை என்றால் தேவையில்லை, நேரடியாக ஓட்டுங்கள். பத்து மெஷினுக்கு மேல் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தகுதியில்லை, அந்த அளவில் நான் ஓட்டியதில்லை.

ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மாமாவுக்கு அது கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் காலம், எனக்கு மெஷினைத் திறக்கும் காலம். இந்தத் தடவை பேக்கப் கன்டெய்னரின் கடவுச்சொல்லையும் கோப்பாக மாற்றிவிடப் போகிறேன், அது ஒன்றுதான் இன்னும் மாறியில் கிடக்கிறது. சீட்டில் தேதிக்குப் பக்கத்தில் நேரத்தையும் அச்சடிக்கச் சொல்லி மாமா கேட்டிருக்கிறார். காகிதம் மூன்று அங்குல அகலம்தான், எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் ஒரே வரியில் அடங்கிவிடும்.